நம்ம டீம் பையன் அப்படிச் செய்வானா?

ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு ராத்திரி. தோசை வர லேட்டாகும்னு தெரிஞ்சதும் ரூம்மேட்டிடம் ஒரு கதை சொல்ல ஆரம்பிச்சேன். "ஒரு யுனிவர்சிட்டி டீம் பசங்க மேல போலீஸ் கேஸ் மச்சி. பலாத்காரம் பண்ணிட்டாங்கன்னு ஒரு பொண்ணு புகார் கொடுத்திருக்கு..."

அவ்வளவுதான் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "எந்த டீம்டா?"

என்ன நடந்தது, ஆதாரம் இருக்கா, அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு... ஒண்ணுமே கேட்கலை. எந்த டீம்! அவனைச் சொல்லிக் குத்தமில்லை. இந்தக் கட்டுரைக்காக அமெரிக்கக் கதைகளைப் புரட்ட ஆரம்பிச்சப்போ எனக்குள்ளேயும் அந்தக் கேள்விதான் முதல்ல எட்டிப் பார்த்தது.

அமெரிக்காவில் காலேஜ் ஸ்போர்ட்ஸ் என்றால் நம்ம ஊர் மாதிரி ஷாமியானா போட்டு, சீஃப் கெஸ்ட்டுக்குப் பொன்னாடை போர்த்தி, நாலு மணிக்குள் முடித்துவிடுகிற சமாச்சாரம் இல்லை. ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டியின் டோக் கேம்பெல் ஸ்டேடியத்தில் 2013-ல் 80 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். காலேஜ் ஸ்டேடியங்க அது! கோச்சுகளுக்கு மில்லியன் டாலரில் சம்பளம், டி.வி. உரிமைக்குத் தனி வருமானம். ஆடுகிற பசங்களுக்கு அப்போது ஸ்காலர்ஷிப்தான். தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க அவர்களுக்கு அனுமதி கிடைத்ததே 2021-ல்தான். மொத்தத்தில் பத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தனின் தோள் மேல் ஒரு ஊரே ஏறி உட்கார்ந்திருக்கும். அவன் மேல் கேஸ் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

ரெண்டு ஊர்க் கதை சொல்றேன்.

டர்ஹம், 2006

வட கரோலினாவில் இருக்கிறது டர்ஹம். அங்கேதான் பணக்கார ட்யூக் யுனிவர்சிட்டி. அதன் லக்ராஸ் டீம் அப்போ செம ஃபார்மில் இருந்தது. லக்ராஸ் தெரியாதவர்களுக்கு: நீளமான குச்சியின் நுனியில் வலை கட்டியிருக்கும், அதில் பந்தைப் பிடித்து, ஓடி, கோலுக்குள் எறிய வேண்டும். வசதியான வீட்டுப் பசங்க ஆட்டம் என்று அங்கே அதற்கு ஒரு பேர் உண்டு.

மார்ச் 13 ராத்திரி டீம் கேப்டன்கள் தங்கியிருந்த வாடகை வீட்டில் பார்ட்டி. பணம் கொடுத்து ரெண்டு டான்ஸர்களை வரவழைத்தார்கள். அதில் ஒருவர், அதே ஊரில் இருக்கும் நார்த் கரோலினா சென்ட்ரல் யுனிவர்சிட்டி மாணவி. கறுப்பினப் பெண். பாத்ரூமில் வைத்து மூன்று பேர் தன்னைப் பலாத்காரம் செய்தார்கள் என்று புகார் கொடுத்தார். டீமில் இருந்த 47 பேரில் 46 பேர் வெள்ளையர்கள். பணம், நிறம், ஆண், பெண்... எல்லாமே ஒரே கேஸில். தீப்பிடிக்க வேறென்ன வேணும்?

பிடித்தது. அந்த வீட்டு முன்னால் கூட்டம் கூடி, தட்டும் பாத்திரமும் தட்டிப் போராட்டம் நடத்தினார்கள். பிளேயர்களின் போட்டோக்களை அச்சடித்து, தேடப்படும் குற்றவாளி பாணியில் கேம்பஸில் ஒட்டினார்கள். ஏப்ரல் 5-ம் தேதி கோச் மைக் பிரெஸ்லர் வேலையை விட்டுப் போக, மிச்ச சீசனும் ரத்து. அடுத்த நாளே பேராசிரியர்கள் 88 பேர் மாணவர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். இதெல்லாம் நடந்தபோது ஒருத்தர் மேல்கூட குற்றச்சாட்டு பதிவாகவில்லை என்பதை ஞாபகம் வெச்சுக்கங்க.

46 பேரிடமும் டி.என்.ஏ. சாம்பிள் எடுத்தார்கள். ஏப்ரல் 10-ல் ரிசல்ட் வெளியே தெரிந்தது. யாருடையதும் ஒத்துப் போகலை. அத்தோடு முடிஞ்சிருக்கணும் இல்லையா? ஒரே வாரத்தில் ரெண்டு பேர் கைது, மே மாதம் மூன்றாமவர். ரீட் செலிக்மன், காலின் ஃபின்னர்ட்டி, டேவிட் எவன்ஸ். அரசு வக்கீல் மைக் நைஃபாங்குக்கு மே 2-ம் தேதி தேர்தல் இருந்தது என்பது ஒரு கிளைக்கதை. (அங்கே மாவட்ட அரசு வக்கீலை ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் ஜெயித்தும்விட்டார்.)

இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டான எனக்கு இந்தக் கேஸில் பிடித்த இடம் இனிமேல்தான் வருது. செலிக்மன் தரப்பு என்ன காட்டினார்கள் தெரியுமா? மொபைல் கால் ரெக்கார்டு, டாக்ஸி டிரைவரின் வாக்குமூலம், ஏ.டி.எம். கேமராவில் பதிவான உருவம், ஹாஸ்டல் கதவில் கார்டு தேய்த்த நேரம். ஒவ்வொன்றிலும் மணி, நிமிஷம் இருக்கு. எல்லாவற்றையும் ஒரு கோட்டில் வைத்தால் சம்பவம் நடந்ததாகச் சொன்ன நேரத்தில் அவர் ஏ.டி.எம். வாசலில் நிற்கிறார்!

இன்னொரு ஆள் பிராட் பேனன். டிஃபென்ஸ் தரப்பின் இளம் வக்கீல். டி.என்.ஏ. பற்றி அவர் படித்தவர் இல்லை. லேபிலிருந்து வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை முன்னால் வைத்துக்கொண்டு, டெக்ஸ்ட்புக் வாங்கி, தானே உட்கார்ந்து படித்தார். செமஸ்டருக்கு முதல் நாள் ராத்திரி நாம படிக்கிற படிப்பு இல்லைங்க... வாரக்கணக்கில்! கடைசியில் கண்டுபிடித்தார். பரிசோதனையில் வேறு சில ஆண்களின் டி.என்.ஏ. கிடைத்திருக்கிறது, அவர்களில் ஒருவர்கூட டீமில் இல்லை, ரிப்போர்ட்டில் அந்த விஷயமே இல்லை. 2006 டிசம்பர் 15-ல் லேப் தலைவரைக் கூண்டில் ஏற்றி அதைச் சொல்ல வைத்தார்கள்.

2007 ஏப்ரல் 11-ல் மாநில அட்டர்னி ஜெனரல் ராய் கூப்பர் கேஸை ரத்து செய்தார். ஆதாரம் போதாது என்று சொல்லி நழுவவில்லை, மூவரும் நிரபராதிகள் என்றே அறிவித்தார். நைஃபாங்கின் வக்கீல் உரிமம் பறிபோனது. ஒரு நாள் சிறையிலும் இருந்தார்.

இப்போ ரசிகர்கள் பக்கம் வருவோம். 2006 மே மாதமே ட்யூக் பக்கம் நீல நிற ரப்பர் பேண்டுகள் வந்துவிட்டன. நிரபராதி என்ற வார்த்தை, மூவரின் ஜெர்சி நம்பர்கள். பெண்கள் லக்ராஸ் டீம் பாஸ்டனில் செமி ஃபைனல் ஆடப் போனபோது அந்தப் பசங்களுக்கு ஆதரவாகப் பேண்ட் கட்டப் போகிறார்கள் என்று செய்தி வர, நாடு முழுக்கத் திட்டு. பலாத்கார கேஸில் பெண்களே இப்படியா என்று. திட்டோடு போய் ஆடினார்கள். செமி ஃபைனலில் தோற்றார்கள்.

பேண்ட் கட்டியவர்கள் சொன்னது கடைசியில் சரியாத்தான் போச்சு. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். எங்க மேத்ஸ் சார் விடை சரியா இருந்தாலும் ஸ்டெப்ஸ் இல்லைன்னா மார்க்கே தர மாட்டார். செலிக்மனின் ஏ.டி.எம். நேரத்தைப் பார்த்துவிட்டுப் பேண்ட் வாங்கினவங்க இருந்திருப்பாங்க. அந்தப் பசங்களைப் பல வருஷமா தெரிஞ்ச தோழிகளும் இருந்தாங்க. ஜெர்சி நிறத்தைப் பார்த்து மட்டும் வாங்கினவங்க? அவர்கள் பேப்பரில் விடை இருக்கு, ஸ்டெப்ஸ் காணோம். பாத்திரம் தட்டின கூட்டத்துக்கு விடையும் தப்பு.

பசங்க உத்தமர்கள் என்றும் கிளம்பிவிட வேண்டாம். அந்த ராத்திரி வீட்டு வாசலில் இனவெறிப் பேச்சு பேசியதைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். டீமில் வேறொரு பையன் அன்றைக்கே அனுப்பிய ஈ-மெயில் ஒன்று பின்னால் வெளியே வந்தது. படித்தால் குமட்டும். கேஸ் பொய், அந்த மெயில் நிஜம்.

2007 பிப்ரவரி 24-ல் டீம் மறுபடி களமிறங்கியது. டார்ட்மத்தை 17-11 என்று ஜெயித்தார்கள். அந்த வருஷ ஃபைனலில் ஒரே கோலில் தோல்வி. பிரெஸ்லர் மட்டும் ட்யூக் திரும்பவில்லை. பிரையன்ட் என்ற காலேஜுக்குக் கோச்சாகப் போனார். 2024 டிசம்பரில், அப்போது வேறொரு கொலை வழக்கில் சிறையில் இருந்த அந்தப் பெண், தான் சொன்னது பொய் என்று ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். பதினெட்டு வருஷம் கழித்து!

டல்லஹாஸி, 2013

"பாத்தியா, நான் அப்பவே நினைச்சேன், இந்தப் பொண்ணுங்களே..." என்று என் ரூம்மேட் ஆரம்பிக்க, "இரு, ரெண்டாவது கதையைக் கேளு"ன்னு அடக்கினேன்.

ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டி. ஆட்டம், அமெரிக்கன் ஃபுட்பால். ஹீரோ ஜேமிஸ் வின்ஸ்டன், குவார்ட்டர்பேக். நம்ம பாஷையில் கேப்டன், ஓப்பனர், ஃபினிஷர் எல்லாம் ஒரே ஆள். 2012 டிசம்பர் 7-ம் தேதி ஒரு மாணவி போலீஸில் பலாத்காரப் புகார் கொடுத்தார். யாரென்று அப்போது அவருக்குத் தெரியாது. அடுத்த மாதம் கிளாஸில் ஒருவரைப் பார்த்து, இவர்தான் என்று போலீஸுக்குப் பெயர் சொன்னார். வின்ஸ்டன். சம்மதத்தோடு நடந்தது என்பதுதான் அவர் தரப்பு சொன்ன பதில்.

டர்ஹமில் 46 பேரிடம் பத்தே நாளில் டி.என்.ஏ. எடுத்தார்கள் இல்லையா? இங்கே ஒரே ஒருவரிடம் எடுக்க கிட்டத்தட்ட 11 மாதம் ஆச்சு. இருவரும் அன்றிரவு இருந்த பாரில் முப்பதுக்கும் மேற்பட்ட கேமராக்கள். அந்தப் பதிவுகளைப் போலீஸ் வாங்கவே இல்லை என்று 2014 ஏப்ரலில் 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. அங்கே ஒரு ஏ.டி.எம். கேமரா ஒரு பையனைக் காப்பாற்றியது. இங்கே முப்பது கேமரா இருந்தும் யாருக்கும் உதவலை. வின்ஸ்டன் நிரபராதி என்றால் அவருக்கும்தான் அது நஷ்டம்! இதை அவருடைய ரசிகர்கள் யோசிச்சாங்களான்னு தெரியலை.

டல்லஹாஸி பெரிய ஃபுட்பால் ஊர், கேஸ் நடத்தினால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை நரகமாகிவிடும் என்று போலீஸ் அதிகாரியே தங்கள் வக்கீலிடம் எச்சரித்ததாகப் பெண்ணின் குடும்பம் சொன்னது. 2013 நவம்பரில் விஷயம் மீடியாவுக்கு வந்தபோது ஊர் அதை நிரூபித்துக் காட்டியது. அந்தப் பெண்ணின் பெயரைத் தோண்டி எடுத்துப் பரப்பினார்கள். மிரட்டல்கள். ஹெய்ஸ்மன் விருது கிடைக்காமல் செய்யும் சதி என்று ஒரு பேச்சு. அவர் படிப்பைப் பாதியில் விட்டுக் கேம்பஸை விட்டே போனார்.

டிசம்பர் 5-ல் குற்றச்சாட்டு பதிவு செய்யப் போவதில்லை என்று அரசு வக்கீல் அறிவித்தார். 14-ம் தேதி வின்ஸ்டனுக்கு ஹெய்ஸ்மன். அப்போது அந்த விருதை வாங்கியவர்களிலேயே இளையவர் அவர்தான். ஜனவரி 6-ல் ஆபர்ன் டீமை 34-31 என்று ஜெயித்து தேசிய சாம்பியன். அன்றைக்கு அவருக்கு இருபதாவது பிறந்த நாள். எனக்கும் இருபதுதான்... என்னத்த சொல்ல!

அடுத்தது நண்டு. 2014 ஏப்ரலில் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து 32 டாலர் சொச்சத்துக்கு நண்டுக் கால்களைக் காசு கொடுக்காமல் எடுத்து வந்து வின்ஸ்டன் மாட்டினார். 20 மணி நேர சமூக சேவை. அடுத்த சீசன் முழுக்க எதிரணி ரசிகர்கள் நண்டு வைத்துத்தான் கலாய்த்தார்கள். ஒரு பெண்ணின் புகாரை வைத்து ஜோக் அடிக்க முடியாது, நண்டை வைத்து அடிக்கலாம். ஆக வருஷம் பூரா நண்டுதான் தலைப்புச் செய்தி.

2014 டிசம்பரில் யுனிவர்சிட்டி விசாரணை. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், வின்ஸ்டன் விதியை மீறினார் என்று சொல்ல ஆதாரம் போதவில்லை என்றார். ரெண்டு பேர் சொல்வதில் எது வலுவானது என்று தன்னால் சொல்ல முடியவில்லை என்பதையும் எழுதினார். 2016 ஜனவரியில் யுனிவர்சிட்டி தவறை ஒப்புக்கொள்ளாமலே 9,50,000 டாலர் கொடுத்து அந்தப் பெண்ணின் வழக்கை சமரசம் செய்தது. அதே வருஷம் டிசம்பரில் அவரும் வின்ஸ்டனும் தங்களுக்குள் சமரசம். இந்தக் கேஸில் விடைத்தாள் கடைசி வரை வெளியே வரவே இல்லை.

ஒரே ரீல், ரெண்டு படம்

ரசிகர் மூளை எப்படி வேலை செய்யுதுன்னு ரொம்ப முன்னாடியே ரெண்டு பேர் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. 1951 நவம்பரில் டார்ட்மத்துக்கும் பிரின்ஸ்டனுக்கும் ஒரு முரட்டு ஃபுட்பால் மேட்ச். அந்த வருஷ ஹெய்ஸ்மன் வின்னரான பிரின்ஸ்டன் வீரர் டிக் கஸ்மேயருக்கு மூக்கே உடைந்தது. ஹேஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்த மேட்ச் ஃபிலிமை இரண்டு காலேஜ் மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, ஃபவுல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் டீம் செய்த ஃபவுல்கள் என்று பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியது சராசரியாக 9.8. டார்ட்மத் மாணவர்கள் எண்ணியது 4.3. ஒரே ரீல், ஒரே டீம்! 1954-ல் ஆராய்ச்சிக் கட்டுரையாகவே வந்தது.

அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. நிஜமாகவே 4.3தான் கண்ணில் பட்டிருக்கிறது. ஒரு மேட்ச் ஃபவுலுக்கே இந்தக் கதி என்றால், கதவு சாத்திய ரூமுக்குள் நடந்ததைப் பற்றி 80 ஆயிரம் பேர் கேலரியில் உட்கார்ந்து என்னத்தைப் பார்த்திருப்பார்கள்?

இதையெல்லாம் ரூம்மேட்டிடம் சொல்லி முடிச்சப்போ தோசை வந்து, ஆறி, வறட்டி மாதிரி ஆகிவிட்டிருந்தது. கடைசியாக ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. 2013 டிசம்பர் 7. டல்லஹாஸி மாணவி புகார் கொடுத்து சரியாக ஒரு வருஷம். கேஸ் இல்லை என்று சொல்லி ரெண்டே நாள். வின்ஸ்டன் டீம் சார்லட் நகரில் தங்கள் பிரிவு ஃபைனல் ஆடியது. எதிர்த்து ஆடிய காலேஜ் எது தெரியுமா? ட்யூக். அதே டர்ஹம் ட்யூக்.

"ரெண்டு கதையும் ஒரே கிரவுண்டுல மச்சி"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். சாம்பாரைத் தொட்டுக்கொண்டே கேட்டான்:

"யாரு ஜெயிச்சா?"

45-7. ஃப்ளோரிடா ஸ்டேட்.