புதுவைப் புகலிடமும் ஞானபானுவும்

வத்தலக்குண்டில் 1884ஆம் ஆண்டு பிறந்த சுப்பிரமணிய சிவாவும், எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதியும் ஓராண்டிலேயே ஆங்கில அரசின் சினத்திற்கு ஆளாயினர். 1908 மார்ச்சுத் திங்களில் சிவா, வ. உ. சிதம்பரனாருடன் திருநெல்வேலியில் சிறைப்பட்டார். தொழுநோயுடன் 1912இல் வெளிவந்தார். பாரதியோ, ‘இந்தியா’ இதழின் சட்டப்படியான ஆசிரியர் மு. சீனிவாசன் கைதானபின், பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுவையை அடைந்தார். 1910இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் ஆங்குச் சேர்ந்தனர்.

புதுவை புகலிடமாயது எங்ஙனம்? நம் விடுதலை வேட்கைமேற் பிரெஞ்சு அரசு கொண்ட பரிவே காரணம் என்பாருளர். அது முற்றும் பொருந்துவதன்று. அரசியற் குற்றம் பற்றி ஒருவரை அயலரசிடம் ஒப்படைத்தலாகாது என்னும் சட்டமரபே அவர்கட்கு அரணாயிற்று. அவ்வரண் உடலைக் காத்ததேயன்றி எழுத்தைக் காக்கவில்லை. புதுவையிலிருந்து வெளிவந்த ‘இந்தியா’வைத் தன் எல்லைக்குள் ஆங்கில அரசு தடுத்தது, 1910இல் இதழ் நின்றது. இதழை ஒழிக்க ஆசிரியரைப் பிடிக்க வேண்டுவதில்லை, படிப்போரிடமிருந்து அதனைப் பிரித்தாற் போதும்.

1911 சூன் 17இல் மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்டபின் ஒற்றர் தொல்லை மிகுந்தது. புகலடைந்தோர்மீது பழி சுமத்தக் கிணற்றில் பொய்ச்சான்றுகள் இடப்பெற்றன. அதன் தொடர்பாக அரவிந்தர் இல்லத்தைச் சோதித்த பிரெஞ்சு நடுவர், ஆங்குக் கிரேக்க, இலத்தீன் நூல்களைக் கண்டு மதிப்புடன் மீண்டார் என்பர். சட்டத்தினும் புலமை அன்று மிகுதியாக உதவிற்றுப் போலும்!

வெளியிட இதழின்றிப் பாரதி இடர்ப்பட்ட காலையில், சிறைமீண்ட சிவா 1913இல் சென்னையில் ‘ஞானபானு’ என்னும் திங்களிதழைத் தொடங்கினார். முற்றுப்பெறாது நின்ற ‘சின்னச் சங்கரன் கதை’ அதன்கண் வெளிவந்தது. தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோர் இதனைக் கருதுதல் வேண்டும். புகலிடமே பெறாத ஒருவர், புகலிடம் பெற்றவரின் எழுத்திற்கு ஆங்கில ஆட்சியின் எல்லைக்குள்ளேயே இடம் அளித்தார். புதுவைக் காலத்தைப் பேசுவோர் குயிற்பாட்டையும் பாஞ்சாலி சபதத்தையும் கூறி அமைகின்றனர். சிவாவின் பங்கு பெரிதும் பேசப்பெறுவதில்லை.

முதல் உலகப் போர் ஓய்ந்ததும், 1918 நவம்பர் 20இல் பாரதி புதுவையை நீங்கினார். எல்லை கடந்தவுடனே கைதாகிக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பெற்றார். திசம்பரில் விடுதலை பெற்றார்.