பனிக்குப் போர்வை வாங்கப் போறீங்களா? பூப்போட்டதைப் பார்த்து ஏமாறாதீங்க!

சென்னை, டிச. 27–

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது பெரியவர்கள் போட்டு வைத்த கணக்கு.

தை இன்னும் பிறக்கவில்லை. அதற்குள் தாம்பரத்தில் இருந்து கடற்கரை வரும் முதல் மின்சார ரெயிலில் மப்ளர் தலைகள் முளைத்து விட்டன. ஜன்னலைத் திறந்தால் சண்டை!

டெல்லிக்காரர் கேட்டால் சிரிப்பார். ஜனவரி மாத அதிகாலையில் சென்னையின் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஆனால் வருடம் முழுக்க வேர்த்துக் கொட்டும் ஊருக்கு அதுவே ஊட்டிதான்.

வாலிபர்களுக்குக் கவலை இல்லை. இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கி விடுவார்கள். பாடு யாருக்கு? கைக்குழந்தைக்கும், வயதான அம்மா, அப்பாவுக்கும்தான். உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் சக்தி இவர்கள் இருவருக்குமே குறைவு.

அதனால்தான் இந்த மாதத்தில் பாரிமுனை, தி.நகர், புரசைவாக்கம் பக்கம் போனால், வீட்டுக்கு ஒரு போர்வை தேடும் கூட்டத்தைப் பார்க்கலாம்.

"தொட்டுப் பாருங்க சார்!"

பிளாட்பாரத்தில் மலை போலக் குவிந்து கிடக்கும். ரோஜாப்பூ, புலி, மயில் எல்லாம் படுத்திருக்கும்.

"தொட்டுப் பாருங்க சார், பிளானல் துணி. கம்பளி தோத்துடும்!" என்பார் கடைக்காரர்.

தொட்டால் மெத்தென்று இருக்கும். கன்னத்தில் வைத்தால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். பணத்தைக் கொடுத்து விடுவோம்.

மூன்றாவது துவையலில்தான் குட்டு வெளிப்படும். மேலே இருந்த பஞ்சு எல்லாம் உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்கும். அடியில் பார்த்தால் கொசுவலை!

இது எப்படி நடக்கிறது? அதைத் தெரிந்துகொண்டால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

கம்பியால் கீறும் துணி

உண்மையான பிளானல் என்பது கம்பளி நூல் துணி. நம் கடைகளில் பிளானல் என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் பிளானலெட். அதாவது பருத்தித் துணிக்குக் கம்பளி வேஷம்! பிறந்த குழந்தையைச் சுற்றி எடுக்க ஆஸ்பத்திரிக்கு வாங்கிப் போகிறோமே, அதே ஜாதிதான்.

இதற்குப் பாவு நூல் சாதாரண நூல். ஊடை நூலை மட்டும் முறுக்குக் குறைவாக, கொஞ்சம் தடிப்பாக விடுவார்கள். நெய்த துணியை, வளைந்த கம்பி முனைகள் பதித்த உருளைகள் மேல் ஓட்டுவார்கள். கம்பி முனைகள் ஊடை நூலைக் கீறி, பஞ்சு இழைகளை மேலே இழுத்து விடும். அதுதான் அந்த மெத்து மெத்து.

அந்த இழைகளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்ளும். உடம்புச் சூடு வெளியே போகாமல் தடுப்பது அந்தக் காற்றுதான். போர்வை சூடு கொடுப்பதில்லை. நம் சூட்டை நமக்கே காப்பாற்றித் தருகிறது. அவ்வளவுதான்!

தில்லுமுல்லு நடப்பதும் இந்த இடத்தில்தான். கீறக் கீறப் பஞ்சு எழும்பும். ஆனால் நூலின் பலம் போகும். மெல்லிய மட்டத் துணியை எடுத்து அளவுக்கு மேல் கீறி விட்டால், கடையில் அது தடித்த போர்வை போலவே இருக்கும். முதல் நாள் ராஜா, மாதக் கடைசியில் கூஜா!

கடையிலேயே 4 சோதனை

கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. காசு உங்களுடையது.

முதலில், ஒற்றை மடிப்பாகப் பிரித்து டியூப் லைட்டுக்கு எதிரே பிடியுங்கள். மெத்தென்று இருக்கும் துணியில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகக் கொட்டினால், அது வெறும் பஞ்சு வேஷம். கீழே வைத்து விடுங்கள்.

இரண்டாவது, கட்டை விரலால் ஒரே இடத்தில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். விரலில் பஞ்சு வந்தாலோ, துணியில் மணி மணியாகத் திரண்டாலோ, அது குட்டை இழைப் பஞ்சு. நிலைக்காது.

மூன்றாவது, அகலவாக்கில் இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். ஊடை நூல் நகர்ந்து சந்து விழக் கூடாது. இரண்டு பக்கமும் பஞ்சு எழுப்பியதா என்றும் புரட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் எழுப்பியிருந்தால் அந்தப் பக்கம் உடம்பில் படும்படி போர்த்த வேண்டும்.

நான்காவது சோதனையைக் கேட்டால் சிரிப்பீர்கள். தராசில் போடச் சொல்லுங்கள்! நல்ல பிளானலெட் சதுர மீட்டருக்குச் சுமார் 170 கிராம் இருக்கும். 60க்கு 90 அங்குல ஒற்றைப் போர்வையின் பரப்பு சுமார் 3½ சதுர மீட்டர். அப்படியானால் எடை 600 கிராமை ஒட்டி வர வேண்டும். 400 கிராம் என்று முள் நின்றால், அது போர்வை அல்ல, மேல்துண்டு!

கஞ்சி போட்டு எடையை ஏற்றுவதும் உண்டு. ஆகவே தராசை மட்டும் நம்பாமல், நான்கையும் சேர்த்துப் பாருங்கள்.

காட்டனா, பாலியெஸ்டரா?

"நூத்துக்கு நூறு காட்டன்" என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். வீட்டுக்கு வந்ததும் ஓரத்தில் இருந்து ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, சிங்க் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். போர்வையைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

காகிதம் எரிகிற வாசனை வந்து, தொட்டால் பொடியாகும் சாம்பல் விழுந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு, ஆறியதும் கடினமான மணியாக நின்றால் பாலியெஸ்டர். தலைமுடி கருகிய நாற்றம் வந்தால் கம்பளி.

பாலியெஸ்டர் போர்வை குளிருக்கு ஆகாது என்று அர்த்தம் இல்லை. வடக்கே இருந்து வரும் புசுபுசு மிங்க் போர்வைகள் நன்றாகவே சூடு காக்கும். ஆனால் சென்னைப் பனி நடு ராத்திரிக்கு மேல்தான் இறங்கும். பத்து மணிக்குப் போர்த்தினால் வேர்க்கும். அந்த வேர்வையைப் பருத்தி குடிக்கும், பாலியெஸ்டர் குடிக்காது. நம் ஊருக்குப் பருத்தி தோது.

பாலியெஸ்டரைப் பாலியெஸ்டர் என்று சொல்லி விற்பது வியாபாரம். காட்டன் என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

பஞ்சு எழுப்பாத, ஆனால் தடித்த நூலில் நெய்த போர்வைகளும் உண்டு. ஈரோடு மாவட்டம் சென்னிமலை அதற்குப் பேர் போனது. கொடி காத்த குமரன் 1904-ல் பிறந்த ஊர் அது. பிளானலெட் அளவுக்கு மெத்தென்று இருக்காது. ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். சோலாப்பூர் போர்வையும் இப்படித்தான். கைத்தறி என்று சொன்னால், 2006-ல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

நெருப்புக்கு அருகே வேண்டாம்!

இதை அவசியம் படியுங்கள். பிளானலெட்டின் பலமே அதன் ஆபத்தும் ஆகும்.

மேலே எழுந்து நிற்கும் பஞ்சு இழையும், நடுவே இருக்கும் காற்றும் நெருப்புக்கு அல்வா மாதிரி. ஒரு பொறி பட்டால் போதும், தீ துணியின் மேல் சரசரவென்று ஓடும்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்தது அல்ல. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில், பிளானலெட் உடுப்புகளில் தீப்பற்றிக் குழந்தைகள் இறந்தது பெரிய பிரச்சினை ஆயிற்று. 'தீப்பிடிக்காத துணி' என்று பொய் சொல்லி விற்பதைத் தடுக்க 1913-ல் அங்கே சட்டமே போட்டார்கள்.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? தாத்தா போர்வையைப் போர்த்திக்கொண்டே பீடி பற்ற வைப்பார். பாட்டி போர்வையோடு வந்து விளக்கேற்றுவார். கொசுவர்த்திச் சுருள் பாய் ஓரத்திலேயே புகையும். அம்மா விடியற்காலையில் போர்வை நுனி தொங்க அடுப்பைப் பற்ற வைப்பார்.

கொசுவர்த்தியை இரண்டு முழமாவது தள்ளி வையுங்கள். போர்வையோடு யாரும் அடுப்பங்கரைக்குள் போகக் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள்.

கைக்குழந்தைக்கும் ஒரு எச்சரிக்கை. பனி என்று முகத்தோடு சேர்த்து மூடாதீர்கள். மூக்கும் வாயும் எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

குளிர் மேலே இருந்து மட்டுமா?

"ரெண்டு போர்வை குடுத்தும் அம்மாவுக்குக் குளிருதாமே!" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு.

அம்மா படுத்திருப்பது எங்கே? சிமெண்டுத் தரையில், ஒரு பாயில். உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சுகிறது. மேலே எத்தனை போர்த்தினாலும் கீழே ஓட்டை!

இரண்டாவது போர்வையை எடுத்து நான்காக மடித்துப் பாய்க்கு மேல் விரியுங்கள். பவானி ஜமுக்காளம் இருந்தால் இன்னும் நல்லது. புதுப் போர்வை வாங்கும் செலவே மிச்சம் ஆகலாம்.

துவைக்கும் முறை

பிளானலெட் முதல் துவையலில் சுருங்கும். நூற்றுக்கு 5 பங்கு சுருங்கினால், 90 அங்குலம் 85½ ஆகி விடும். உயரமானவர்களுக்குக் கால் வெளியே தெரியும்! ஆகவே ஒரு சாண் கூடுதலாகவே வாங்குங்கள்.

கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். கல்லில் அடிக்க வேண்டாம், பிரஷ் போட வேண்டாம். முறுக்கிப் பிழியாமல் தொங்க விட்டு உலர்த்துங்கள். காய்ந்ததும் இரண்டு கையாலும் பிடித்து நன்றாக உதறினால், படுத்த பஞ்சு எழுந்து நிற்கும். பனிக்காலம் முடிந்து பெட்டியில் வைக்கும்போது ஈரம் துளியும் இருக்கக் கூடாது.

பில் எங்கே?

பிளாட்பாரமோ, ஏ.சி. கடையோ, பில் கேட்டு வாங்குங்கள். அதில் 'காட்டன்' என்று எழுதச் சொல்லுங்கள். "எழுதித் தர மாட்டோம்" என்றால் அப்போதே பதில் கிடைத்து விட்டது!

எழுதிக் கொடுத்தும் ஏமாற்றினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. போன் செய்து புகார் சொல்லலாம்.

ஆபீஸ் விட்டு வீடு திரும்பும் வழியில் இன்று போர்வைக் கடையில் நின்றால், ரோஜாப்பூவைப் பார்க்காதீர்கள். டியூப் லைட்டைத் தேடுங்கள். வீட்டில் பாயில் சுருண்டு கிடக்கும் பாட்டிக்குப் பூ தெரியப் போவதில்லை, குளிர்தான் தெரியும்!