களையில் பிறந்த கிளி

தெர்மோகோலுக்குத் தடை வந்த பிறகு, கொலுப்படியில் ஏற ஒரு நெட்டிப் பறவை காத்திருக்கிறது.

மழைக்காலத்தில் வங்காளத்தின் குளங்களிலும் நீர் தேங்கிய வயல்களிலும் தானாகவே முளைக்கும் செடி அது. விவசாயிக்குக் களை. மாலாகார் சமூகத்தினருக்கோ பிழைப்பு. மழை ஓய்ந்ததும் அறுத்துக் காயவைத்துப் பழுப்புத் தோலைச் சீவினால் உள்ளே பால் வெள்ளையில் பஞ்சு போன்ற தண்டு. வங்காளிகளுக்கு அது ஷோலா, நமக்கு நெட்டி.

துர்க்கையின் வெள்ளை அலங்காரமும் மணமகன் சூடும் டோபர் என்ற கூம்புக் கிரீடமும் இதில்தான் உருவாகின்றன. வெள்ளைக்காரத் துரைகள் வெயிலுக்கு அணிந்த சோலா தொப்பியும் இதே சரக்குதான். தஞ்சாவூர்க் கலைஞர்களோ பெரிய கோயிலையே நெட்டியில் வடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். தஞ்சை நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தக் கலையை ஓரங்கட்டியது தெர்மோகோல். விலை மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் விழா முடிந்தால் மக்காத குப்பை. அலங்காரத்துக்கான தெர்மோகோலை 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசு தடை செய்தது. நெட்டிக்கு மறுவாழ்வு என்று மகிழலாம்தான். ஆனால் குளங்களைத் தூர்த்து மனை போட்டால் செடிக்கு எங்கே போவது?

இருக்கும் நெட்டியில் இந்த நவராத்திரிக்கு ஒரு கிளி செய்து பாருங்கள். விரல் நீளத் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் கழுத்துபோல ஒடுக்கிச் சீவுங்கள் (கத்தி பெரியவர்கள் கையில் இருக்கட்டும்). சிறு துண்டை உருட்டையாகச் செதுக்கித் தலையாக ஒட்டுங்கள். இன்னொரு தண்டை மெதுவாக உருட்டியபடியே சீவினால் காகிதம் போன்ற ஏடு வரும். அதில் இரண்டு இறக்கை, ஒரு வால். ஓரங்களைக் கத்தரிக்கோலால் நறுக்கினால் இறகு தயார். ஏடு முறிந்தால் ஈரத்துணியில் சற்று வைத்து எடுங்கள், வளைந்து கொடுக்கும். உடலின் இருபுறமும் கீறி, பசை தடவி இறக்கைகளைச் செருகுங்கள். கண்ணுக்குக் கடுகு, காலுக்கு ஈர்க்குச்சி, மூக்குக்கு ஒரு நெட்டிச் சீவல். பச்சையும் சிவப்பும் லேசாகப் பூசினால் போதும். கனமாகப் பூசினால் நெட்டி ஊறிவிடும்.

கொலுவின் அடியில் குழந்தைகள் மண் பரப்பி, வெந்தயம் முளைக்கவிட்டுப் பார்க் அமைப்பார்களே, அங்கே ஒரு காய்ந்த சுள்ளியை நட்டு அதில் கிளியை உட்காரவையுங்கள். கொலு முடிந்ததும் காகிதத்தில் சுற்றி, வேப்பிலையோடு ஈரம் படாத இடத்தில் வைத்தால் அடுத்த வருஷமும் படியேறும்.

என்றாவது உடைந்தால் கவலை வேண்டாம். மண்ணில் போடுங்கள், மக்கிவிடும். அடுத்த கிளிக்கு மட்டும் எங்கோ ஒரு குளம் மிச்சம் இருக்க வேண்டும்.