மோட்டார் பேரிங் கெடுவதைக் காதால் அறியலாம்

மரக்கிளை முறியுமுன் 'படபட'வெனச் சத்தம் கேட்கும். உலோகமும் அப்படித்தான். உள்ளே நூலளவு விரிசல் ஓடும்போதே மெல்லிய அதிர்வு கிளம்பிவிடுகிறது. ஆனால் மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். விரிசலின் ஓசையோ பெரும்பாலும் ஒரு லட்சத்திற்கும் மேல். ஜெர்மனியில் ஜோசப் கைசர் என்பவர், இழுத்துச் சோதிக்கப்படும் உலோகங்கள் எழுப்பும் ஒலிகளை ஆராய்ந்து 1950-ல் எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததே ஒலி உமிழ்வுச் சோதனை. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகம் ஒன்றை இரும்பின்மேல் ஒட்டவைத்து, காதுக்கு எட்டாத ஓசையைப் பதிவு செய்கிறார்கள். வாயுக் கலன்கள், பாலங்கள், ஆலை இயந்திரங்களின் பேரிங்குகள் இவ்வாறு சோதிக்கப்படுகின்றன.

ஒரே ஒரு 5 குதிரை சக்தி மோட்டாருக்காக இக்கருவியை வாங்குவது கட்டுபடியாகாது. கருவி முந்திக் கேட்கும், காது பிந்திக் கேட்கும். ஆனாலும் பேரிங் இறுகிப் போகுமுன் பெரும்பாலும் காதுக்கும் கேட்டுவிடும். அதைக் கவனியாமல் விடுவதில்தான் நஷ்டம். பேரிங் தேய்ந்தால் ரோட்டார் இறங்கி ஸ்டேட்டரில் உரசும், காயில் கருகும். கதிர் வரும் சமயத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் கிடந்தால் பயிர் காத்திராது.

வாரம் ஒருமுறை, மோட்டார் ஓடும்போது நீண்ட திருப்புளியின் முனையைப் பேரிங் உள்ள பக்கமூடியின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோர எலும்பில் அழுத்திக் கேட்கவேண்டும். விசிறி, கப்ளிங், மின்கம்பி அருகே திருப்புளி போகக்கூடாது. துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வது அவசியம்.

சீரான 'உம்' ஓசை நல்லது. 'கிறீச்' என்றால் கிரீஸ் வற்றியிருக்கும். 'கரகர' என்றால் குண்டுகளோ அவை ஓடும் தடமோ பொரிந்திருக்கும். அப்போது கிரீஸ் வைத்தால் ஓசை அடங்கலாம், பேரிங் தேறாது, மாற்றியே ஆகவேண்டும். இரு பக்கமும் கேட்டு ஒப்பிட்டால் வேறுபாடு எளிதில் புரியும். பம்புப் பக்கம் கூழாங்கல் உருளுவதுபோல் கேட்டால் பேரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. ஃபுட்வால்வு சல்லடை அடைத்திருக்கலாம், அல்லது கிணற்று நீர்மட்டம் இறங்கியிருக்கலாம்.

கிரீஸை நிறைய அடைப்பது பலரின் வழக்கம். பேரிங் அறையில் பாதிக்கு மேல் வேண்டாம், மிகுந்தால் சூடேறும். இருபுறமும் மூடிய சீல் பேரிங்குக்குக் கிரீஸ் வைக்க இயலாது. புதியது வாங்கும்போது பழையதன்மேல் பொறித்துள்ள எண்ணைக் காட்டி அதே எண் கேட்டு வாங்கவேண்டும்.

ஆழ்துளைக் கிணற்று நீர்மூழ்கி மோட்டாருக்கு இம்முறை எட்டாது. அதற்கு ஸ்டார்ட்டர் பெட்டி அம்மீட்டரில் ஆம்பியர் வழக்கத்தைவிட ஏறுகிறதா என்று பார்த்து வரவேண்டும்.