மாமாவின் முகத்தில் ஒரு கறுப்புச் சதுரம்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த மழையைத் தாம்பரத்துக்காரர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே பதிவான மழை 49 சென்டிமீட்டர். சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதே ஏறக்குறைய 140 சென்டிமீட்டர்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் கொட்டிவிட்டது! அடையாறு கரை புரண்டது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

முடிச்சூரில் என் அத்தை வீட்டிலும் தண்ணீர் ஏறியது. ஆல்பங்கள் எல்லாம் கூழாகிப் போயின. தப்பியது சுவரில் மாட்டியிருந்த ஒரே ஒரு கறுப்பு-வெள்ளைப் படம். 1969-இல் எடுத்த திருமணப் படம். மாமா இன்று இல்லை. அவருடைய இளவயது முகம் வேறு எந்தப் படத்திலும் இல்லை. அந்தப் படமும் முழுதாகத் தப்பவில்லை. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஏன் ஒட்டிக்கொண்டது? பழைய கறுப்பு-வெள்ளைப் படத்தாளின் மேல் ஜெலட்டின் என்ற பொருளின் மெல்லிய படலம் இருக்கும். அதில் பதிந்துள்ள நுண்ணிய வெள்ளித் துகள்கள்தாம் நாம் காணும் படம். ஜெலட்டின் தண்ணீரை உறிஞ்சிப் புட்டுபோல வீங்கும். காயும்போது எதன்மேல் படிந்திருக்கிறதோ அதைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். அவசரப்பட்டுப் பிய்த்தால் மாமா கண்ணாடியோடு போய்விடுவார், அத்தை கையில் வெறும் தாள் மிஞ்சும்! ஆகவே அத்தை அதைப் பிய்க்காமல் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தார். சென்ற ஆண்டு பேத்தியின் திருமணம் வந்தது. கல்யாண மண்டபத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். மேற்குத் தாம்பரத்தில் எனக்குப் பழக்கமான ஒரு ஸ்டூடியோவுக்கு இருவரும் போனோம்.

ஸ்டூடியோவில் வேலை செய்யும் இளைஞர் கெட்டிக்காரர். கண்ணாடியைத் தொடாமல் அப்படியே ஸ்கேனரில் வைத்துப் படத்தை எண்களாக மாற்றினார். ஆம், எண்கள்தாம். படம் 8 அங்குல நீளம், 6 அங்குல அகலம். அங்குலத்துக்கு 1,200 புள்ளிகள் வீதம் 9,600 × 7,200, அதாவது 6 கோடியே 91 லட்சத்து 20 ஆயிரம் புள்ளிகள். கறுப்பு-வெள்ளைப் படமானாலும் வண்ணத்தில்தான் ஸ்கேன் செய்தார். வெள்ளக் கறை பழுப்பு, படம் சாம்பல். நிறத்தைக் கொண்டு இரண்டையும் பிரிக்கலாம் அல்லவா? சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால் புள்ளிக்கு 6 பைட். மொத்தம் 41 கோடியே 47 லட்சத்து 20 ஆயிரம் பைட்!

இத்தனை எண்களின்மேல் கணக்குப் போடுவது சாதாரண வேலையா? "படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கு" என்று சொன்னால் ஏறத்தாழ ஏழு கோடிப் புள்ளிகளுக்கும் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடவேண்டும். கணிப்பொறியின் மையச் செயலகம் கடினமான கணக்குகளையெல்லாம் போடத் தெரிந்த ஒரு வாத்தியாரைப் போன்றது. கிராபிக்ஸ் கார்டோ, வாய்ப்பாடு மட்டுமே தெரிந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அடங்கிய பள்ளிக்கூடம். எளிய கணக்கை எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டால் எது முந்தும் என்று சொல்லவும் வேண்டுமா? 1990-இல் விற்பனைக்கு வந்த போட்டோஷாப் மென்பொருள்கூட, 2008-இல் வந்த பதிப்பிலிருந்துதான் படத்தைத் திரையில் வரையும் வேலைக்குக் கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தத் தொடங்கியது.

ஸ்டூடியோவில் இருந்தது ஒரு மடிக்கணினி. அதற்குள் பெரிய கார்டைப் பொருத்த இடம் கிடையாது. எனவே கார்டைத் தனியே ஒரு பெட்டியில் வைத்து, தண்டர்போல்ட் என்னும் கம்பியால் இணைத்திருந்தார்கள். மேசைக் கணிப்பொறியில் கார்டுக்கும் செயலகத்துக்கும் இடையே பதினாறு தடங்கள் உண்டு. மூன்றாம் தலைமுறைத் தடங்கள் பதினாறிலும் சேர்த்து வினாடிக்குச் சுமார் 12,600 கோடி பிட்டுகள் செல்லும். தண்டர்போல்ட் மூன்றாம் வகைக் கம்பியில் கார்டுக்குக் கிடைப்பவை நான்கே தடங்கள். ஏறக்குறைய 3,200 கோடி பிட்டுகள். ஜி.எஸ்.டி. சாலையில் மாலை நேரத்தில் பேருந்தில் வந்தவர்களுக்குத் தடம் குறைந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் நம் படத்துக்கு இது போதும். 41 கோடி பைட் என்பது 332 கோடி பிட். அது கடந்து செல்லப் பத்தில் ஒரு பங்கு வினாடி ஆகும், அவ்வளவுதான்.

காலை பத்தரை மணி. இளைஞர் மாமாவின் சட்டைக் காலரில் இருந்த கறையைப் பெரிதாக்கிச் சரிசெய்துகொண்டிருந்தார். திடீரென்று மானிட்டர் ஒரு கணம் கண் சிமிட்டியது. பிறகு பார்த்தால் மாமாவின் முகத்தின்மேல் கன்னங்கரேலென்று ஒரு சதுரம்!

"ஐயோ, முகமே போச்சேடா!" என்றார் அத்தை. அவர் குரல் நடுங்கியது.

முகம் போய்விட்டதா? அங்கேதான் நம் துப்பறியும் வேலை தொடங்கியது. எனக்கு முதலில் தைரியம் கொடுத்தது அந்தக் கறையின் வடிவம். தண்ணீரும் பூஞ்சையும் நேர்கோடு போடுவதில்லை. அந்தக் கறுப்புக்கோ ஸ்கேல் வைத்து வரைந்தாற்போல் நான்கு ஓரங்கள். திரையில் தெரிவது 1,920 × 1,080, அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிகளே. முழுப் படத்தையும் காட்டும்போது முப்பத்து மூன்றில் ஒரு பங்குதான் தெரிகிறது. எனவே மென்பொருள் படத்தைத் தரை ஓடுகள்போல் கட்டம் கட்டமாக வெட்டி வைத்துக்கொண்டு, வேண்டிய கட்டங்களை மட்டும் கார்டுக்கு அனுப்புகிறது. சதுரமாக ஏதாவது காணாமற் போனால், போனது ஓர் ஓடு என்று ஊகிக்கலாம்.

ஆனால் ஊகம் வேறு, சோதனை வேறு. படத்தை வேறு பெயரில் சேமித்து, சிறியதாக்கி, என் கைபேசிக்கு அனுப்பச் சொன்னேன். கைபேசியில் மாமா முழு முகத்தோடு சிரித்தார். கோப்பில் எண்கள் பத்திரமாக இருக்கின்றன. திரைக்கு வரும் வழியில்தான் கோளாறு. அத்தையிடம் கைபேசியைக் கொடுத்தேன். அவர் அதைத் திரும்பத் தரவில்லை. மதியம்வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

வழியில் எங்கே கோளாறு? திரையில் தெரிவதை அப்படியே படமாகப் பிடிக்கும் பொத்தான் கணிப்பொறியில் உண்டல்லவா? அப்படிப் பிடித்ததையும் கைபேசியில் பார்த்தோம். அதிலே கறுப்புச் சதுரம் இருந்தது. மானிட்டரும் அதன் கம்பியும் குற்றவாளிகளாக இருந்தால் அந்தப் பிடிப்பில் சதுரம் இருக்காது. அவற்றை விடுதலை செய்தோம். அடுத்து, கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தவேண்டாம் என்று மென்பொருளின் அமைப்பில் குறித்துவிட்டு, அதை மூடித் திறந்தோம். சதுரம் மறைந்தது. ஆனால் தூரிகை ஆமைபோல் நகர்ந்தது. ஆக, குற்றம் கார்டின் பக்கத்தில்.

கார்டின் பக்கம் என்றாலும் சந்தேகப்பட வேண்டியவர்கள் பலர். மடிக்கணினிக்குள்ளேயே ஒரு சிறிய கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. மென்பொருள் வெளிக் கார்டை விட்டு அதைப் பிடித்துக்கொள்வது உண்டு. பார்த்தோம், இங்கே அப்படியில்லை. கம்பியையும் பார்த்தோம். யு.எஸ்.பி.-சி முனை எல்லாக் கம்பிகளுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சில கைபேசிக்கு மின்னேற்றுவதற்கு மட்டுமே ஆகும். இதில் மின்னல் குறியும் 3 என்ற எண்ணும் இருந்தன. மிஞ்சியது டிரைவர். இவர் பேருந்து ஓட்டுபவர் அல்லர். கார்டுக்கும் இயக்க மென்பொருளுக்கும் இடையே துபாஷியாக நிற்கும் ஒரு சிறு நிரல். பழையதை முற்றிலும் நீக்கிவிட்டுப் புதியதைப் பதித்தோம். மணி பன்னிரண்டரை.

அதன்பிறகு சதுரம் வரவே இல்லை. இரண்டு மணி நேரம் வேலை மளமளவென்று நடந்தது. "டிரைவர்தான் சார்" என்றார் இளைஞர். நானும் தலையாட்டினேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், சாப்பாட்டு நேரத்தில் என் கெட்டிக்காரத்தனத்தை அத்தையிடம் விளக்கிக்கூடச் சொன்னேன்.

மூன்று பத்துக்கு மானிட்டர் கண் சிமிட்டியது. மாமாவின் நெற்றியில் சதுரம்.

"இது அப்பப்ப சிமிட்டும் சார், பழகிடுச்சு" என்றார் இளைஞர். பழகிப்போனதை யாரும் கவனிப்பதில்லை. நான் ஒரு காகிதத்தை எடுத்துச் சிமிட்டும் நேரங்களைக் குறிக்கத் தொடங்கினேன். 3-10, 3-22, 3-31... ஒழுங்கு ஒன்றும் தெரியவில்லை. அப்போது அறையின் மூலையில் லேமினேஷன் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை சொன்னார்: "ஏண்டா, இந்தச் செவப்பு வெளக்கு எரியுறப்பதான் அது கண்ண மூடுது. காலையிலயும் பாத்தேன்."

செருப்பால் அடித்தாற்போல் இருந்தது எனக்கு! லேமினேஷன் இயந்திரத்தில் ஒரு வெப்பச் சுருள் உண்டு. சூடு குறைந்தால் தெர்மோஸ்டாட் அதற்கு மின்சாரம் கொடுக்கும். சிவப்பு விளக்கு எரியும். சூடு ஏறினால் நிறுத்திவிடும். பன்னிரண்டரையிலிருந்து மூன்றுவரை அந்த இயந்திரத்தையே யாரும் போடவில்லை. டிரைவர் செய்த அற்புதம் என்று நாங்கள் நினைத்தது அதுதான்.

கார்டுப் பெட்டியின் மின்கம்பியைத் தொடர்ந்து போனோம். மடிக்கணினிக்குள் பேட்டரி இருக்கிறது. மானிட்டர் யு.பி.எஸ்.ஸில் இருந்தது. பெட்டி அதிக மின்சாரம் எடுக்கும், சிறிய யு.பி.எஸ். தாங்காது என்று அதை மட்டும் ஒரு நீட்டிப்புப் பலகையில் செருகியிருந்தார்கள். அதே பலகையில்தான் லேமினேஷன் இயந்திரம். பலகையின் பிளக் சுவரில் லொடலொடவென்று ஆடியது. சுவர்த் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது.

இப்போது ஓம் விதியை நினைத்துப் பாருங்கள். இயந்திரம் 1,500 வாட். 230 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் சுமார் 6.5 ஆம்பியர். தளர்ந்த தொடுமுனையில் ஓர் ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். அங்கே 6.5 வோல்ட் வீணாகும். அதனால் பெட்டிக்கு ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் அந்த ஒரு புள்ளியில் உண்டாகும் வெப்பமோ சுமார் 42 வாட். ஒரு சாலிடரிங் இரும்பைப் பிளக்குக்குள் செருகி வைத்ததற்குச் சமம்! சூட்டில் உலோகம் விரியும், கறுக்கும், பிடி மேலும் தளரும். கடைசியில் தொடர்பு கணநேரம் அற்றே போகும். அந்தக் கணத்தில் பெட்டி அணைந்துவிடும். கார்டின் நினைவகம் மின்சாரம் உள்ளவரைதான் எதையும் வைத்திருக்கும். அனுப்பிய ஓடுகள் அத்தனையும் அழிந்தன. பேட்டரியில் ஓடும் மடிக்கணினியிலோ மென்பொருள் விழித்தபடி இருக்கிறது. கார்டு திரும்பி வந்ததும் புதிய கட்டங்களை அனுப்புகிறது. பழையவற்றைப் பற்றி "அவற்றைத்தான் முன்பே அனுப்பிவிட்டோமே" என்று இருந்துவிடுகிறது. அந்த இடங்கள் கறுப்பாகின்றன. மென்பொருளில் தேடினால் எப்படி அகப்படும்?

இம்முறை நான் அவசரப்படவில்லை. லேமினேஷன் இயந்திரத்தை அடுத்த அறைக்கு மாற்றி ஓடவிட்டோம். ஒரு மணி நேரம் சிவப்பு விளக்கு பல தடவை எரிந்து அணைந்தது, மானிட்டர் சிமிட்டவில்லை. மீண்டும் பழைய பலகையில் செருகினோம். ஆறு நிமிடத்தில் சதுரம் வந்தது! மறுபடி மாற்றினோம், நின்றது. டிரைவர் விஷயத்தில் நாங்கள் செய்யத் தவறியது இந்தத் திரும்பச் செய்து பார்ப்பதைத்தான். மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து பழுப்பேறிய சாக்கெட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு கம்பியின் உறை கருகி உதிர்ந்தது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் படம் மட்டுமா போயிருக்கும்? (வீட்டில் சூடாகும் பிளக் எதுவும் இருந்தால் நீங்களாகத் தொடாதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள்.)

இரண்டு நாள் கழித்துப் படம் தயாராயிற்று. கறைகள் போய், மாமா பட்டு வேட்டியில் பளிச்சென்று நின்றார். அத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு திரையில் விரலை வைத்தார்.

"தம்பி, காதுகிட்ட ஒண்ணு இருக்குமே, அது எங்க?"

"பூஞ்சைப் புள்ளிம்மா. எடுத்துட்டேன்."

"அது பூஞ்சை இல்லப்பா, மச்சம். திரும்ப வெச்சுடு."

இளைஞர் சிரித்தார். ஸ்கேன் செய்த எண்களை அவர் அழித்திருக்கவில்லை. திருத்தங்களையெல்லாம் மேலே தனி அடுக்குகளில்தான் செய்திருந்தார். காதருகே இருந்த திருத்தத்தை மட்டும் அழித்தார். அடியில் மச்சம் அப்படியே இருந்தது.