எண்ணெய்ப் பணம் எங்கே போகிறது?

எண்ணெய், எரிவாயு, கனிமங்கள் தோண்டும் நிறுவனங்கள் அந்தந்த நாட்டு அரசுக்குப் பல வகையில் பணம் கட்டுகின்றன: ராயல்டி, வருமான வரி, உரிமக் கட்டணம், உற்பத்தியில் அரசின் பங்கு. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே மொத்தமாகத் தரும் தொகையும் உண்டு. ஒரு சொட்டு எண்ணெய் வெளிவருவதற்கு முன்பே கோடிக்கணக்கான டாலர் கைமாறிவிடும். பொதுவரியைப் போல இதை லட்சக்கணக்கானோர் கட்டுவதில்லை. கட்டுவது சில நிறுவனங்கள், வாங்குவது ஓரிரு அலுவலகங்கள். இரு தரப்பும் வாயை மூடிக்கொண்டால் நடுவில் எவ்வளவு கரைந்தாலும் வெளியே தெரியாது.

இதற்கு அங்கோலாவைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். அங்கே 1975 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அரசுக்குக் கடலுக்கடியிலிருந்து எண்ணெய்ப் பணம் கொட்டியது. மக்கள் பட்டினி கிடந்தார்கள். எண்ணெய் நிறுவனங்களின் மௌனமும் எண்ணெய்ப் பணம் கொள்ளை போவதற்குத் துணைபோகிறது என்று குளோபல் விட்னஸ் அமைப்பு 1999 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2001 பிப்ரவரியில் பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பிபி, அங்கோலாவுக்குத் தான் கட்டும் தொகைகளை வெளியிடப்போவதாக அறிவித்தது. ஒரு கடற்பகுதி உரிமத்துக்காக அது கொடுத்த கையெழுத்துத் தொகை 11.1 கோடி டாலர் என்பதும் வெளியே வந்தது. உடனே அரசு எண்ணெய் நிறுவனமான சோனாங்கோல் காட்டமான கடிதம் அனுப்பியது: ரகசியக் காப்பு விதியை மீறினால் ஒப்பந்தமே ரத்தாகும். மற்ற நிறுவனங்களுக்கும் அதன் நகல் போனது. பிறகு யார் வாய் திறப்பார்கள்? 1997 முதல் 2002 வரை 422 கோடி டாலர் எண்ணெய் வருமானத்துக்குக் கணக்கில்லை என்று மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2004இல் எழுதியது. அதே ஆண்டுகளில் அங்கோலாவில் அரசும் வெளி உதவியும் சேர்ந்து சமூக நலத்துக்குச் செலவிட்ட மொத்தத் தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

தனியாக ஒரு நிறுவனம் நேர்மையாக இருந்தால் அது ஒப்பந்தத்தை இழக்கும். போட்டியாளர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார். எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியிட்டால்தான் யாரையும் மிரட்ட முடியாது. 'நீங்கள் கட்டுவதை வெளியிடுங்கள்' என்ற இயக்கம் 2002இல் கிளம்பியது இதனால்தான். அதே ஆண்டு பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர் முன்மொழிந்த திட்டத்தின் கொள்கைகள் 2003 ஜூனில் லண்டனில் ஏற்கப்பட்டன. அதுதான் சுரங்க, எண்ணெய்த் துறை வெளிப்படைத்தன்மை முன்முயற்சி, சுருக்கமாக ஈஐடிஐ; இப்போது ஆஸ்லோவிலிருந்து செயல்படுகிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் அதில் உள்ளன.

வேலை நடக்கும் விதம் எளியது. நிறுவனம் 'இவ்வளவு கட்டினேன்' என்று எழுதித் தரும். அரசு 'இவ்வளவு வந்தது' என்று தரும். சார்பற்ற தணிக்கையாளர் இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டு, பொருந்தாத இடங்களுக்கு விளக்கம் கேட்பார். அரசு, நிறுவனங்கள், மக்கள் அமைப்புகள் மூன்றும் சேர்ந்த குழு இதை மேற்பார்க்கும். நைஜீரியா 2007இல் இதற்கென்று சட்டமே இயற்றியது.

ஆனால் இதில் சேர்வது நாட்டின் விருப்பம், விலகுவதும் அப்படித்தான். மக்கள் அமைப்புகளை நசுக்கியதாகக் கண்டிக்கப்பட்ட அசர்பைஜான் 2017இல் வெளியேறியது. ஆகவே பணம் கட்டும் நிறுவனத்தின் தாய்நாட்டுச் சட்டம் உறுதியான பிடி. 1,00,000 யூரோவும் அதற்கு மேலும் கட்டும் ஒவ்வொரு தொகையையும் திட்டவாரியாக அறிவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் விதித்தது. இதற்கு முன்னோடியான அமெரிக்கச் சட்டப்பிரிவு 2010இலேயே வந்துவிட்டது. அதற்கான நடைமுறை விதியை எண்ணெய்த் தொழில் நீதிமன்றத்தில் முடக்கியது. மறுபடி எழுதப்பட்டதை 2017இல் நாடாளுமன்றமே ரத்து செய்தது. 2020 டிசம்பரில் வந்தது நீர்த்துப்போன வடிவம்.

கட்டிய பணமும் வந்த பணமும் ஒத்துப்போனாலும் திருட்டு நின்றுவிடாது. அடிமாட்டு விலைக்கு உரிமத்தை அமைச்சரின் மறைமுக நிறுவனத்துக்குக் கொடுத்தால், அந்த அற்பத் தொகை கணக்கில் கச்சிதமாகப் பொருந்தும். கருவூலத்துக்குப் போன பிறகு பணம் என்னவாகிறது என்பதும் இந்த ஒப்பீட்டில் வராது. அதனால் ஈஐடிஐ தன் எல்லையை விரித்துக்கொண்டே போகிறது: நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர் யார், தன் பங்கு எண்ணெயை அரசு யாருக்கு என்ன விலைக்கு விற்றது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரி முதல் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களை முழுமையாக வெளியிடுவதும் கட்டாயம். கடிதம் அனுப்பி மிரட்டிய அங்கோலா 2022இல் உறுப்பு நாடாகச் சேர்ந்தது.