சீட்டில் 'ஸ்டெமி' என்று எழுதியிருந்தால்...

விருத்தாசலம் பீங்கான் சூளை முன் நிற்பவருக்கு வியர்ப்பது புதிதல்ல. அதனால் நெஞ்சு இறுக்கத்தோடு வரும் வியர்வையும் அங்கே எளிதில் கவனம் தப்பிவிடும். "வாயுப் பிடிப்புதான்" என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டு, கம்மாபுரத்துக்கு பைக்கில் கிளம்புவது ஆபத்து. நடு நெஞ்சில் பாரம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை சில நிமிடங்களில் ஓயாவிட்டால் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் அசதி, குமட்டல் மட்டும் வரலாம்.

அந்தச் சொல்லின் பொருள்

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் முழுதாக அடைபட்டால், இசிஜி கோட்டில் 'எஸ்டி' என்ற பகுதி மேலெழும்பும். அந்த மாரடைப்புதான் 'ஸ்டெமி'. 'என்ஸ்டெமி' என்றிருந்தால் அதுவும் மாரடைப்பே. ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை அதை உறுதி செய்யும். ஆனால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி ஸ்டெமிக்கு மட்டுமே. வலி தொடங்கிய 12 மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். முதல் 3 மணி நேரத்தில் பலன் அதிகம். 2 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு (அடைபட்ட குழாயைத் திறக்கும் சிகிச்சை) வழியில்லை என்றால், ஊசி போட்டு, அந்த வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புவதே முறை. முன்பு பக்கவாதமோ ரத்தக்கசிவோ வந்திருந்தால், அண்மையில் ஆபரேஷன் நடந்திருந்தால், ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் இசிஜி சரியாக இருந்தும் வலி நீடித்தால், மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் உரிமைகள்

- 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள் 14-ம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசம்.
- அவசர நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை எந்த மருத்துவரும் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் தீர்ப்பளித்தது.
- ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருந்தால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம்.
- இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரி முதல் உச்சவரம்பு விலை உண்டு. பில்லில் அதன் விலை, பிராண்ட், தயாரிப்பாளர், பேட்ச் எண் தனியாக இருக்க வேண்டும்.
- கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும்.

குறை இருந்தால்

காப்பீட்டுப் புகாருக்கு 1800 425 3993; ஸ்டென்ட் விலைப் புகாருக்கு 1800 111 255. பணம் கட்டிப் பெற்ற சிகிச்சையில் குறைபாடு என்றால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.

வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால், ஆம்புலன்ஸில் ஏறும் முன் இசிஜி தாளையும், எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று குறித்த சீட்டையும் வாங்கி, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள மருத்துவர் அடுத்த மருந்தை முடிவு செய்வதற்கும், நாளை வழக்கு வந்தால் சாட்சிக்கும் அந்தத் தாள்கள்தான் ஆதாரம்.